கீழ்த்தட்டில் ஒரு கடல்

மூன்றாம் மாடி முன்வீட்டில் ஒரு புத்தகத்தை யாராவது முழுதாக வாசித்து முடித்தால் அதன் எடை முன்னூறு கிராம் கூடியது. இரண்டாம் முறை வாசித்தால் மேலும் இருநூறு. பரீட்சைக்காக நெட்டுருப் போட்டால் ஒரு குண்டுமணி எடைகூட ஏறாது. இதைக் கண்டுபிடித்தவர் அந்த வீட்டு அப்பா. சரக்குக் கிடங்கில் முப்பது வருஷமாக மூட்டை தூக்குபவர். எதையும் ஒரு முறை தோளில் வைத்து இறக்கினால் கால் கிலோ பிசகாமல் எடை சொல்லிவிடுவார். கிடங்குத் தராசு மக்கர் செய்த நாட்களில் லாரிக்காரர்கள் அவர் தோளை நம்பித்தான் சரக்கு ஏற்றினார்கள். சின்ன மகளின் புத்தகப் பெட்டிகளில் ஒன்றை ஜன்னலோரத்திலிருந்து கட்டிலடிக்கு நகர்த்தும்போது, போன மாதம் இருபத்திரண்டரை இருந்தது இப்போது இருபத்தைந்தே முக்கால் இருக்கிறதே, நடுவில் யார் என்னத்தைப் போட்டது என்று கேட்டார். யாரும் எதுவும் போடவில்லை. அந்த மாதம் அவள் பதினோரு புத்தகங்களைப் படித்து முடித்திருந்தாள். "அப்ப சரி" என்று சொல்லிவிட்டு அப்பா குளிக்கப் போனார். எடைக்குக் காரணம் தெரிந்துவிட்டால் அவருக்கு அதற்கு மேல் கேள்வி கிடையாது.

சின்ன மகளைக் கட்டடம் முழுக்க டிகிரி என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தக் குடும்பத்தில் முதன்முதலில் பட்டம் வாங்கியவள், அதுவும் பௌதிகத்தில். குழாயில் தண்ணீர் வராத நாளில் "டிகிரியக் கூப்பிடு, மனு எழுதட்டும்" என்பார்கள்; வந்த நாளில் "என்ன டிகிரி, குடம் தூக்க வருமா?" என்பார்கள். அவளைவிட ஐந்து வயது மூத்த அக்கா எட்டாவதோடு நின்றவள். இரண்டு பேருக்கும் சேர்த்துக் கட்ட முடியாது, ஒருத்தி போதும் என்று அப்பா ஒரு திங்கட்கிழமை காலையில் முடிவு செய்தார். செவ்வாய்க்கிழமை அக்கா துணி ஆலையில் சட்டையின் பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கப் போய்விட்டாள். பதினாறு வருஷமாக அதே வேலை. அவள் கணவர் தூரத்து ஊர்களுக்கு லாரி ஓட்டுபவர், மாதத்தில் நாலு நாள்தான் வீட்டில் இருப்பார்; அதனால் அக்கா அப்பா வீட்டிலேயே இருந்துவிட்டாள். அவர்களுக்கு ஒன்றரை வயதில் ஒரு பெண் குழந்தை. நடக்கக் கற்றுக்கொள்வதற்கு முன்பே ஏறக் கற்றுக்கொண்டதால் அதற்கு வாலு என்று பெயர் விழுந்துவிட்டது.

புத்தகங்களை வைக்க ஒரு அலமாரி வங்கிக் கிளையிலிருந்து வந்தது. கிளை வேறு தெருவுக்கு மாறியபோது இதை யார் சுமப்பது என்று விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஏழடி உயரம், மூன்றடி அகலம், ஆறு தட்டு. ஆழம் மட்டும் ஒரு சாணும் நாலு விரலும். தனியாக நிறுத்தி வைத்த கதவு மாதிரி இருந்தது. அப்பா அதை முதுகில் கட்டி மூன்று மாடியும் ஒற்றை ஆளாக ஏற்றினார். பின்னாலேயே கட்டட ஓனர் ஏறி வந்தார்.

"சுவத்துல ஒரு ஆணி விழக்கூடாது. போன மாசம்தான் பூசியிருக்கேன்."

"ஆணி அடிக்கலேன்னா இது முன்னால விழும் சார்" என்றாள் டிகிரி.

"விழுந்தா தரையிலதானே விழும்?"

"தரையும் உங்களுதுதான்."

"அப்ப விழவும் கூடாது" என்று சொல்லிவிட்டு ஓனர் இறங்கிப் போனார். அவர் வீட்டுக் கூடத்திலும் ஒரு புத்தக அலமாரி உண்டு, சுவரில் நாலு திருகாணி போட்டு முடுக்கியது. அதில் ஆறு கண்ணாடி வாத்துகள் இருந்தன.

புத்தகங்களை அடுக்கியது அப்பா. படித்து முடித்து எடை ஏறியவை நூற்று நாற்பது. அவற்றையெல்லாம் உச்சியில் இருந்த இரண்டு தட்டுகளில் திணித்தார். படிக்காதவை நடுவில். கீழே இரண்டு தட்டும் காலி. பாரம் என்றால் தலையில்தான், கால் லேசாக இருந்தால்தான் நிற்க முடியும் என்பது அவருடைய முப்பது வருஷப் பாடம். இஸ்திரிக்கு வாங்கிய துணி மூட்டையைத் தலையில் வைத்து நாலு தெரு நடக்கும் அம்மாவும் சரிதானே என்றாள். டிகிரியும் வாயைத் திறக்கவில்லை. ஈர்ப்பு மையம் பற்றிப் பத்து மதிப்பெண் கேள்விக்குப் படம் போட்டு விடை எழுதிப் பத்தையும் வாங்கியவள் அவள். அந்தப் பாடப்புத்தகம் அலமாரியில்தான் இருந்தது, கடையில் வாங்கிய நாளின் எடையிலேயே.

அந்த வீட்டுத் தரை, கழுவிவிட்ட தண்ணீர் ஓடுவதற்காக வாசல் பக்கம் கொஞ்சம் சரிவாகப் போட்டது. அலமாரியும் வாசலைப் பார்த்து நின்றது. டிகிரி ஒரு புத்தகத்தை முடித்து மேல்தட்டில் வைக்கும்போதெல்லாம் உச்சியில் முன்னூறு கிராம் கூடும். அலமாரி ஒரு மயிரிழை முன்னால் குனியும். யாரும் அதைப் பார்க்கவில்லை. ஏழு வாரம் கழித்து ஒரு புதன்கிழமை பகல், வாலு காலியாக இருந்த கீழ்த்தட்டில் வலது காலை வைத்தாள். இரண்டாம் தட்டில் இடது காலை வைத்தாள். அலமாரி அதற்காகவே காத்திருந்த மாதிரி புறப்பட்டு வந்தது. இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அம்மா திரும்பினாள், பெட்டியை விட்டாள், குழந்தைக்கும் அலமாரிக்கும் நடுவே போய் முதுகைக் கொடுத்தாள். மேல்தட்டுப் புத்தகங்கள் அத்தனையும் அவள் மேல் கொட்டின. ஆறு தடவை படித்த ஒரு சரித்திரப் புத்தகம் தரைக் கல்லை இரண்டாகப் பிளந்தது. அம்மாவின் கைகளுக்கு அடியில் வாலு, இன்னொரு தடவை வேண்டும் என்று சிரித்தாள்.

ஆறு மணிக்கு ஆலையிலிருந்து வந்த அக்கா அம்மாவின் முதுகைத் திறந்து பார்த்தாள். கத்தியை வைத்துக் கோடு போட்டது போல ஆறு தட்டின் விளிம்பும் நீலமாகப் பதிந்திருந்தது. அக்கா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"ஞாயித்துக்கிழமை பழைய பேப்பர்காரர் வருவாரு. புத்தகம் போகுதா, நானும் பிள்ளையும் போகட்டுமான்னு அதுக்குள்ள சொல்லிடு."

"எங்கம்மா போவ?" என்றார் அப்பா.

"எட்டாவதோட நிறுத்தினீங்களே, அன்னிக்குக் கேட்டீங்களா எங்க போறேன்னு?"

அக்கா தங்கையைப் பார்த்தாள். "நான் காஜா எடுத்துப் படிக்க வச்சேன்டி உன்னை. அந்தப் படிப்பு என் பிள்ளை தலையிலயா வந்து விழணும்?" டிகிரிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அக்கா சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை என்பதால் அந்தக் கோபத்தை வைக்க இடமில்லாமல் அவள் போய் உடைந்த தரைக் கல்லைப் பொறுக்கினாள்.

வியாழக்கிழமை காலையில் அவள் தரைத்தளத்துத் தச்சரை இழுத்துக்கொண்டு வந்தாள். காதில் எப்போதும் பாதிப் பென்சில் செருகியிருப்பதால் அவருக்கு அரைப் பென்சில் என்று பெயர். அப்பா பழையபடியே அடுக்கி வைத்திருந்த அலமாரியைப் பார்த்ததும் அரைப் பென்சில் சிரித்துவிட்டார்.

"ஏம்மா, இது அலமாரியா, தலையில மூட்டையோட நிக்கிற ஆளா?"

"ஏன், நான் நிக்கலையா? நூறு கிலோவ வச்சுக்கிட்டுப் படியே ஏறலையா?" என்று அப்பா மல்லுக்கு வந்தார்.

அரைப் பென்சில், நீ படித்தவள்தானே என்பது போல டிகிரியைப் பார்த்தார். அந்தப் பார்வை சுட்டது. அவள் நடுத்தட்டிலிருந்து அந்தப் பௌதிகப் பாடப்புத்தகத்தை எடுத்து, ஈர்ப்பு மையம் பற்றிய ஏழாம் பாடத்தை நின்ற இடத்திலேயே படித்தாள். மூன்று வருஷத்தில் அதை அவள் வாசித்தது அன்றுதான் முதல் தடவை. பாடத்தின் கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது புத்தகம் அவள் கையைக் கீழே இழுத்தது, ஒரே மூச்சில் எழுநூறு கிராம். அவள் போட்ட கூச்சலில் கீழ்வீட்டில் பால் பொங்கி வழிந்தது.

"அப்பா! மூட்டையோட தடுக்கி விழப்போனா என்ன செய்வீங்க?"

"காலை எடுத்து முன்னால வைப்பேன்."

"இதுக்குக் கால் எடுத்து வைக்கத் தெரியுமா?"

அப்பா அலமாரியின் கால்களை வெகுநேரம் பார்த்தார். கிடங்கில் புதிதாகச் சேர வந்த ஆளை அவர் பார்க்கும் பார்வை அது. "தெரியாது" என்றார். "சுமக்கத் தெரியாத ஆளு இது. எல்லாத்தையும் கீழ இறக்கு."

அதன்பிறகு அந்த வீடு கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. அரைப் பென்சில் இரண்டு தடித்த பலகைகளை அலமாரியின் அடியில் வைத்து முடுக்கினார். இரண்டும் ஒரு சாண் நீளத்துக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருந்தன. எடுத்து வைக்கத் தெரியாதவனுக்கு முன்கூட்டியே எடுத்து வைத்த கால் என்றார். தரைச் சரிவைச் சரிக்கட்ட முன்பக்கம் இரண்டு ஆப்பு செருகினார். மேலிருந்து தூக்குக்குண்டு தொங்கவிட்டு, அலமாரி அரை விரல் பின்னால் சாயும்வரை தட்டித் தட்டி ஏற்றினார். கனமான புத்தகங்கள் கீழே வந்தன, படிக்காதவை உச்சிக்குப் போயின. வாலு பதினோரு கிலோ. டிகிரி மூன்று வாலு எடைக்குத் துணி மூட்டை கட்டி நாலாம் தட்டின் விளிம்பில் தொங்கவிட்டாள். அலமாரி விழவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள். சாயங்காலம் அக்கா வந்தாள், முழங்காலிட்டு உட்கார்ந்தாள், அலமாரியின் பின்காலுக்கு அடியில் ஒரு தபால் அட்டையை நீட்டினாள். மூட்டையின் இழுப்பில் மயிரிழை தூக்கியிருந்த காலுக்கு அடியில் அட்டை உள்ளே போனது.

"அட்டை போகுது பாரு. என் பிள்ளை இதே எடையிலயே இருக்கப் போறாளா?"

கீழ்த்தட்டில் இன்னும் நாற்பது கிலோ வேண்டும் என்று டிகிரி கணக்குப் போட்டாள். நாலு செங்கல், ஒரு மணல் மூட்டை, வேலை முடிந்தது என்றார் அரைப் பென்சில். ஆனால் படிக்கட்டுச் சுவரில் ஓனர் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தார்: மேல்மாடிகளில் செங்கல், மணல், ஜல்லி, இரும்பு, தண்ணீர்ப் பீப்பாய் ஏற்றக் கூடாது. மணல் மூட்டை முதல் மாடி தாண்டுவதற்குள் அவரே வந்து மறித்தார். டிகிரி அந்தப் பட்டியலை மேலிருந்து கீழாக இரண்டு தடவை படித்தாள். அதில் புத்தகம் இல்லை. புத்தகத்துக்கு எடை உண்டு என்று அந்த மனிதருக்குத் தோன்றியதே இல்லை.

ஆகவே வீடு வாசிக்க உட்கார்ந்தது. டிகிரி வெள்ளிக்கிழமை வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு மூன்று புத்தகங்களை முடித்தாள். ஒரு கிலோவுக்கும் கீழே. இப்படிப் போனால் அடுத்த வருஷம்தான் என்று அழாத குறை. கிடங்கிலிருந்து வந்த அப்பா, சரக்கு மூட்டையில் அச்சடித்த பெயர்களைத் தவிர வேறெதையும் படித்துப் பழகாதவர், பதினாறு பக்கத்தில் ஒரு குழந்தைக் கதைப் புத்தகத்தை எடுத்து உதடு அசைய அசைய இரண்டு மணி நேரம் படித்தார். முடித்ததும் வழக்கம் போலத் தோளில் வைத்தார். வைத்த தோள் இறங்கியது. "நாலு கிலோ!" என்று அவர் கத்தியதில் அம்மாவின் கையிலிருந்த இஸ்திரிப் பெட்டி ஒரு சட்டைக் காலரைக் கருக்கிவிட்டது. அம்மா பெட்டியை அணைத்தாள். பேருந்துப் பலகையை எழுத்துக் கூட்டிப் படிக்கும் அளவுதான் அவளுக்கு எழுத்து. பறவைகளைப் பற்றிய ஒரு புத்தகத்தில் விரலை வைத்து, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டித் தட்டி, மீன்கொத்தி என்ற சொல்லை அடைந்தபோது "ஏய், இது மீன்கொத்திடி!" என்று துள்ளிக் குதித்தாள். அந்த ஒரு பக்கம் முன்னூறு கிராம். எடை பக்கத்துக்கு ஏறவில்லை, பட்ட பாட்டுக்கு ஏறியது என்பது அப்போதுதான் தெரிந்தது. குதிரை மாதிரி பாய்ந்து பாய்ந்து படிக்கும் டிகிரிக்கு அது கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது. வலியைப் பார்க்க நேரமில்லை. "ரெண்டரை!" என்று கூடத்திலிருந்து ஒரு குரல், "மூணேகால்!" என்று சமையலறையிலிருந்து ஒரு குரல், ஏலம் போடுவது போல வீடு அதிர்ந்தது. சனிக்கிழமை மதியம் அப்பா எல்லாவற்றையும் தோளில் வைத்துப் பார்த்துவிட்டு, இன்னும் பத்தொன்பது கிலோ பாக்கி என்றார்.

அக்கா மதியம் அரைநாள் வேலை முடிந்து வந்தாள். மூன்று பேரும் ஆளுக்கொரு மூலையில் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள், வாலு நடுவில் உட்கார்ந்து ஒரு மேலட்டையைத் தின்றுகொண்டிருந்தாள். "பைத்தியம் பிடிச்சிருச்சா எல்லாருக்கும்?" என்று சொல்லிவிட்டு அக்கா உச்சித் தட்டில் கைவிட்டு, அட்டை கிழிந்த ஒரு தடிப்புத்தகத்தை உருவினாள். ஆழ்கடலில் வாழும் உயிரினங்களைப் பற்றித் தடித்த தாளில் இருநூறு பக்கம். டிகிரிகூட அதைத் தொட்டதில்லை. "கடலுக்கு அடியில இருக்கிற புழுவைப் பத்தி ஒரு மூட்டை. இதைக் காசு குடுத்து வாங்கினவளுக்குப் பட்டம் குடுத்தவனைச் சொல்லணும்" என்று திட்டியபடியே நின்ற நிலையில் திறந்தாள். திட்டு பாதியில் நின்றுபோனது. கொஞ்ச நேரத்தில் சுவரில் சாய்ந்தாள். பிறகு அப்படியே வழுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அம்மா வைத்த டீயில் ஆடை படிந்து, ஆடை மேல் ஒரு ஈ உட்கார்ந்தது. வாலு கையைப் பிடித்து இழுத்தாள், தலைமுடியைப் பிடித்து இழுத்தாள், சலித்துப்போய் மடியில் ஏறித் தூங்கினாள். நாலு மணி வாக்கில் அக்கா ஒரே ஒரு தடவை தலையைத் தூக்கி, "இங்க ஒரு மீன் தன் விளக்கைத் தானே ஏத்திக்கிட்டுப் போகுதுடி, அவ்வளவு இருட்டாம்" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. ஆறு மணிக்குப் புத்தகத்தைக் கவிழ்த்துத் தரையில் வைத்துவிட்டு, விழித்து அழுத குழந்தையின் முகத்தைக் கழுவப் போனாள். புத்தகத்துக்கு அடியில் தரைக் கல் நறநறவென்றது.

அப்பா குனிந்து அதைத் தூக்கப் போனார். புத்தகம் வரவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இரண்டு கையாலும் பிடித்தார். வரவில்லை. முப்பது வருஷத்தில் ஒரு பொருளின் எடையைச் சொல்ல முடியாமல் அவர் நின்றது அதுதான் முதல் முறை. கிடங்குக் கூட்டாளிகள் இரண்டு பேர் கடப்பாரையோடும் கயிற்றோடும் வந்தார்கள். ஒருவர் நெம்பினார், ஒருவர் இழுத்தார். கயிறு அறுந்து இழுத்தவர் சமையலறை வாசலில் போய் விழுந்தார்.

"என்ன கூத்து இது? தள்ளுங்க" என்றபடி அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். குனிந்தாள். ஒற்றைக் கையால் புத்தகத்தை எடுத்து, விரலை நாக்கில் தொட்டு, விட்ட பக்கத்தைத் தேடினாள். "இன்னும் நாலு பக்கம் இருக்கு. முடிச்சுட்டு வைக்கிறேன். எங்க வைக்கணும், கீழ்த்தட்டா?"

அவள் முடித்துவிட்டுக் கீழ்த்தட்டில் வைத்தாள். கட்டடம் ஒரு முறை மூச்சு விட்டது. இரண்டாம் மாடிக் கண்ணாடிக்கடைக்காரர் வீட்டில் கூரை இரண்டு விரல் கீழே இறங்கியது. அவர் மின்விசிறிக் கம்பியில் இரண்டு விரல் வெட்டிவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பழைய பேப்பர்காரர் தராசோடு மேலே வந்தார். கூச்சலைக் கேட்டு ஓனரும் வந்தார். டிகிரி மூன்று வாலு மூட்டையைத் தொங்கவிட்டாள், பிறகு ஆறு வாலு. அப்பா தொங்கினார். கிடங்குக் கூட்டாளிகள் ஆளுக்கொரு பக்கம் தொங்கிக் காலை ஆட்டினார்கள். தபால் அட்டை பின்காலுக்கு அடியில் நுழையவே இல்லை. ஓனர் நம்பவில்லை. திருட்டுத்தனமாகச் சுவரில் ஆணி அடித்திருப்பார்கள் என்று அலமாரிக்குப் பின்னால் கையை விட்டுத் தேடினார். மேலே ஒரு விரல் அகலத்துக்குக் காற்றுதான் இருந்தது. முன்னால் வந்து பிடித்து இழுத்தார். பிறகு, பெரிய மனுஷன் என்பதை மறந்து, அவரே ஐந்தாம் தட்டைப் பிடித்துத் தொங்கினார். "நல்லாத் தொங்குங்க சார், வாத்து எதுவும் விழாது" என்றாள் டிகிரி. பேப்பர்காரர் சிரித்ததில் தராசுத் தட்டு கை நழுவி உருண்டது.

அக்கா யாரையும் பார்க்கவில்லை. இடுப்பில் இருந்த குழந்தையை அலமாரிக்கு எதிரே இறக்கிவிட்டு மூன்றடி பின்னால் போய், கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். அம்மா பதறி எழுந்தாள். அக்கா தலையை மட்டும் ஆட்டினாள். வாலு கீழ்த்தட்டில் கால் வைத்தாள். இரண்டு. மூன்று. நாலாம் தட்டில் ஒரு கால் வழுக்கியது. வழுக்கிய கால் மறுபடி இடம் பிடித்தது. ஐந்து, ஆறு. ஏழடி உயரத்தில் ஏறி உட்கார்ந்து, ஓனரின் வழுக்கைத் தலையை முதன்முதலில் மேலிருந்து பார்த்த மகிழ்ச்சியில் வாலு வீடே அதிரக் கத்தினாள். அலமாரி நின்றது.

"என்னம்மா, போடறதா இல்லையா? எனக்கு இன்னும் நாலு தெரு இருக்கு" என்றார் பேப்பர்காரர்.

"ஒண்ணும் இல்லைங்க, நீங்க போங்க" என்றாள் அக்கா. அவர் படியிறங்கப் போனதும், "இல்ல, கொஞ்சம் நில்லுங்க. உங்க வண்டியில கடலைப் பத்தி ஏதாவது கிடக்குதா?" என்றாள்.

அந்த வாரமே ஓனர் படிக்கட்டுப் பட்டியலின் கடைசியில் புத்தகம் என்று எழுதிச் சேர்த்தார். மேலே ஏறிவிட்டதை இறக்க அவரிடம் ஆள் இல்லை. கட்டடத்தில் பதினேழு வீட்டுக்காரர்கள் அரைப் பென்சிலிடம் பலகைக்கால் வைத்த அலமாரி செய்து வாங்கி, கீழ்த்தட்டை நிரப்ப வாசித்தார்கள். சில வீடுகளில் கனம் ஏறியது, சில வீடுகளில் ஏறவில்லை. அதை யாரும் வெளியில் சொல்லிக்கொள்ளவில்லை. டிகிரி மெதுவாகப் படிக்கப் பழகினாள், ஒரு புத்தகத்துக்கு ஒன்றரை கிலோ வரை வந்தாள். எட்டாவதுக்கு மேலே படிக்கச் சொல்லி டிகிரி வாங்கி வந்த விண்ணப்பப் படிவத்தை அக்கா டீக் குவளைக்கு மூடியாக வைத்துக்கொண்டாள். காஜா எடுப்பதையும் அவள் நிறுத்தவில்லை. கடல் புத்தகம் ஒன்பதாகியது. வாலு வளர்ந்து, ஏறுவதை விட்டுவிட்டு, அக்காவின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துப் படிக்க ஆரம்பித்தாள்.

ஒரு சிக்கல் மட்டும் நிரந்தரமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா அந்த முதல் கடல் புத்தகத்தைக் கீழ்த்தட்டிலிருந்து எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டால், திரும்ப வைக்கும்வரை அலமாரி லேசாகிவிடும். அதற்கு அப்பா ஒரு வழி வைத்திருந்தார். சாப்பிட்டுக் கை கழுவியதும் போய், அலமாரிக்கு முன்னால் முதுகைக் கொடுத்து நின்றுகொள்வார். இரண்டு மணி நேரமோ மூன்று மணி நேரமோ. கிடங்கிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அந்த ஒரு வேலையை அவர் விடவில்லை. கால் மாற்றி நிற்பார், ஜன்னல் வழியே தெருவைப் பார்ப்பார். அவர் நிற்பது தெரிந்து அக்கா சில நாள் பக்கங்களை வேகமாகப் புரட்டுவாள்.

"மெதுவாப் படிம்மா" என்பார் அப்பா. "எனக்கு என்ன அவசரம்."